தாம்பரத்தைத் தாண்டிப் போன கேமரா

'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி ஆஃப் இந்தியா' என்று பேச்செடுத்தால், எழுபது வயதைத் தொட்டவர்கள் முதலில் சொல்வது புதுமணத் தம்பதிகளின் படங்களைத்தான். ஸ்டுடியோ விளக்கில் முகம் பளபளக்க, ஜோடி ஜோடியாக, பக்கம் நிறைய. கல்யாணத்துக்குப் பெண்ணோ பையனோ காத்திருந்த வீடுகளில் அந்தப் பக்கத்துக்குத்தான் முதல் மரியாதை. அப்புறம் ஃபாண்டம் சித்திரக்கதை, மாரியோ மிராண்டாவின் கார்ட்டூன், குறுக்கெழுத்து. சரி, அதில் வந்த செய்திப் படங்களில் எது நினைவிருக்கிறது என்று கேட்டால் கொஞ்சம் தயங்குகிறார்கள். நேரு என்கிறார்கள். காந்தி என்கிறார்கள். ஒருவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், "மகாபலிபுரம் போட்டோ ஒண்ணு, ரெண்டு பக்கத்துக்கு விரிச்சுப் போட்டிருந்தான்" என்றார்.

கிழக்குக் கடற்கரைச் சாலை வருவதற்கு முன்பு, சென்னையிலிருந்து மகாபலிபுரம் போனவர்களில் பலர் ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு வரை போய், திருக்கழுக்குன்றம் வழியாகத் திரும்பித்தான் போனார்கள். பம்பாயிலிருந்து மீனம்பாக்கத்தில் வந்திறங்கிய போட்டோகிராபர் டாக்சி பிடித்துப் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் என்று ஒவ்வொன்றாகத் தாண்டியிருப்பார். கேமரா உறையைக் கடற்கரைக் கோயிலுக்கு முன்னால்தான் அவிழ்த்திருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவரை அனுப்பிய ஆசிரியருக்கு வேண்டியது கோயில். ஆனால் அந்த இதழைக் காசு கொடுத்து வாங்கி, வரிசை குலையாமல் அடுக்கி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பைண்டு பண்ணி அலமாரியில் வைத்தவர்கள் அவர் தாண்டிப் போன ஊர்களில்தான் இருந்தார்கள். அப்படிப்பட்ட பைண்டு வால்யூம்கள் சிலவற்றை நான் புரட்டியிருக்கிறேன். தஞ்சாவூர் வெண்கலச் சிலை உண்டு, மெரினா உண்டு, பரதநாட்டியம் தாராளமாக உண்டு. தாம்பரம் கண்ணில் படவில்லை.

இதழ் 1880இல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் வாரப் பதிப்பாகப் பிறந்தது. நாம் அறிந்த பெயர் 1923இல் வந்தது. தொடக்கத்தில் வெள்ளைக்காரர் வீட்டுக் கூடத்துக்கென்று நடந்த பத்திரிகை அது. ஸ்டான்லி ஜெப்சனும், அவருக்குப் பின் அயர்லாந்துக்காரரான சி.ஆர். மாண்டியும் ஆசிரியர்களாக இருந்தார்கள். முதல் இந்திய ஆசிரியர் ஏ.எஸ். ராமன். 1969இல் குஷ்வந்த் சிங் வந்தார். ஆங்கிலம் படித்த நடுத்தர வர்க்கத்துக்கு அது வாராந்தரப் பழக்கமாக ஆனது அவர் காலத்தில்தான். இந்தியாவின் சமூகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தந்தச் சமூகத்தாரைக் கொண்டே எழுதவைத்தார். நம் சாதியைப் பற்றி எப்போது வரும் என்று ஊர் ஊராகக் காத்திருந்தார்கள். விற்பனை நான்கு லட்சத்தைத் தொட்டது என்பார்கள். 1978 ஜூலையில், ஓய்வு பெற ஒரு வாரம் இருக்கும்போது நிர்வாகம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. பின்னால் எம்.வி. காமத், பிரிதீஷ் நந்தி ஆகியோர் வந்தார்கள். நந்தி காலத்தில் அடித்துத் துவைக்கிற அரசியல் செய்திகள் வந்தன, வடிவம் மாறியது. 1993இல் மூடிவிட்டார்கள்.

படப் பத்திரிகை என்ற ஜாதியே ஐரோப்பாவில் பிறந்தது. 1842இல் லண்டனில் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' தொடங்கியபோது மரக்கட்டையில் செதுக்கிய சித்திரங்களைத்தான் அச்சிட்டார்கள். 1925இல் லைக்கா கேமரா கடைக்கு வந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம், முக்காலி வேண்டாம், ஒரு ரோலில் 36 படம். ஜெர்மனியின் வார இதழ்களும் பாரிஸின் 'வூ'வும் படங்களைக் கதை சொல்கிற மாதிரி அடுக்கிப் பார்த்தன. அமெரிக்காவில் 1936 நவம்பரில் ஹென்றி லூஸ் 'லைஃப்' இதழைத் தொடங்கினார். முதல் அட்டையில் மார்கரெட் பர்க்-வைட் எடுத்த ஓர் அணைக்கட்டு. 1946இல் ராட்டையோடு காந்தியைப் படமெடுத்தவர் இதே அம்மையார்தான். லைஃப் வார இதழ் 1972 டிசம்பரில் நின்றது. டெலிவிஷன் விளம்பரத்தைக் கொண்டுபோயிற்று, தபால் செலவு ஏறிற்று. வீக்லி அதற்குப் பிறகும் இருபது வருஷம் தாக்குப்பிடித்தது என்றால், இந்தியாவில் டெலிவிஷன் தாமதமாக வந்தது ஒரு முக்கியக் காரணம்.

பழைய வீக்லி பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். புள்ளிகள் உறுத்துவதில்லை. அது கிராவியூர் அச்சு. செப்பு உருளையில் நுண்ணிய குழிகளை அரித்து உண்டாக்குவார்கள். நிழல் விழுகிற இடத்தில் குழி ஆழம், வெளிச்சமான இடத்தில் மேலோட்டம். நீர்த்த மையில் உருளை முங்கி எழும், ஒரு மெல்லிய தகடு மேற்பரப்பை வழித்துவிடும், குழிக்குள் நிற்கிற மை மட்டும் தாளில் ஏறும். ஆழத்துக்கு ஏற்ப மையின் கனம் கூடுவதால் கறுப்பு வெறும் கறுப்பாக நிற்காமல் அடுக்கடுக்காக இறங்கும். சாதாரணத் தாளிலும் இது கைகூடும். புடவை மடிப்பு, வியர்வை, கண்ணோரச் சுருக்கம் எல்லாம் அந்தப் பழுப்பேறிய பக்கங்களில் இன்றும் அப்படியே இருக்கின்றன.

அதே காலத்துத் தமிழ் வார இதழை அதே லென்ஸில் பார்க்க வேண்டும். துத்தநாகத் தகட்டில் எடுத்த பிளாக், அங்குலத்துக்கு 65 புள்ளி, நியூஸ்பிரின்ட் தாள். ஒரு தலைவரின் மூக்குக்கு இருபது புள்ளி கிடைத்தால் அதிகம். மை ஒட்டிக்கொண்டால் மீசையும் உதடும் ஒன்று. நம் பத்திரிகைகள் ஓவியர்களை நம்பியதற்கு ரசனை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. கோட்டுச் சித்திரம் எந்தத் தாளிலும் சுத்தமாக விழும், போட்டோ விழாது. அதனால் ஆனந்த விகடனுக்கு ஒரு கோபுலுவும் ஒரு சில்பியும் தேவைப்பட்டார்கள். சில்பி கோயில் கோயிலாகப் போய், சிற்பத்துக்கு எதிரில் உட்கார்ந்து வரைந்தார். 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரிசையைப் பார்க்கிறவர்களுக்கு அது கேமராவுக்கும் எட்டாத கண் என்று தெரியும். கல்கிக்கு மணியம். இந்த ஓவியர்களால் தமிழ் வாசகனின் கண் கோட்டுக்குப் பழகியது. போட்டோ என்றால் சினிமாக்காரர், அட்டைப்படம், இல்லாவிட்டால் மேடையில் மாலை போட்டுக்கொண்டு நிற்கிற தலைவர். போட்டோவே செய்தி சொல்லும், எழுத்து அதற்குத் துணை நிற்கும் என்ற எண்ணம் தமிழ் வாரப் பத்திரிகைக்கு மிகவும் பிந்தித்தான் வந்தது. ஜூனியர் விகடனும் நக்கீரனும் வந்த எண்பதுகளில், ஆஃப்செட் அச்சோடு சேர்ந்து வந்தது என்று சொல்லலாம். இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஓவியர்கள் வரைந்ததும் பெரும்பாலும் கோயிலும், ராஜா ராணியும், மாம்பலத்து மாமியும்தான். குரோம்பேட்டைத் தோல் தொழிற்சாலையின் வாசலை யார் வரைந்தார்கள்?

1912ஐ ஒட்டிப் பல்லாவரத்துக்குப் பக்கத்தில் வந்த குரோம் லெதர் கம்பெனி ஊருக்குப் பெயரே கொடுத்தது. 1931இல் பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் கிறிஸ்தவக் கல்லூரி பாரிமுனையை விட்டுச் சேலையூர் காட்டுப் பக்கம் குடிவந்தது. காசநோய் சானடோரியம் அதற்கு முன்பே வந்துவிட்டது. விமானப்படைத் தளம், ரயில்வே பணிமனை, பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் ஆங்கிலோ இந்தியர் வீடுகள், பல்லாவரம் குன்றுகளில் கல் குவாரி. படப் பத்திரிகைக்கு இதைவிட என்ன வேண்டும்? காலை எட்டு மணிக்குத் தாம்பரம் பிளாட்பாரத்தில் ஏறிய குமாஸ்தாக்கள் ஒரு தலைமுறை முழுக்கக் கோட்டை வரை உட்கார்ந்து படித்துக்கொண்டே போனார்கள். மீட்டர்கேஜ் புறநகர் ரயில் 2004 ஜூலை 1ஆம் தேதி கடைசியாக ஓடி நின்றது. அந்தப் பெட்டிகளுக்குள் எழுபது வருஷத்துக்கு மேல் நடந்த வாழ்க்கையைத் தொடராக எடுத்த போட்டோக்களை எந்தப் பத்திரிகையிலும் நான் பார்த்ததில்லை.

இப்படி ஒரு கண்ணுக்கு அந்தக் காலத்தில் வாய்ப்பே இல்லையா என்றால், இருந்தது. வீக்லியில் படம் வந்த இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம்.

ஹோமாய் வியாரவாலா. 1913இல் பிறந்தவர், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில் வெளியாயின. பெண் எடுத்த போட்டோ என்றால் எடுபடாது என்ற காலம். 'டால்டா 13' என்ற புனைபெயர் அவருக்கு வந்த கதை வேடிக்கையானது. பிறந்த வருஷம் பதின்மூன்று, கணவரைச் சந்தித்தபோது வயது பதின்மூன்று, முதல் காரின் நம்பர் பிளேட் டி.எல்.டி. 13. டெல்லியில் முப்பது வருஷம் அதிகாரத்தின் அருகில் நின்று படமெடுத்தார். மவுண்ட்பேட்டன் விடைபெற்றது, நேரு புறா பறக்கவிட்டது எல்லாம் அவர் கண்ணால்தான் நமக்குத் தெரியும். படம் என்றால் தலைநகரம், தலைநகரம் என்றால் தலைவர் என்று பத்திரிகைகள் கேட்டதை அவர் தந்தார். குறையில்லாமல் தந்தார்.

இன்னொருவர் மைசூர்க்காரர் டி.எஸ். சத்யன். வீக்லியிலும் வந்தார், லைஃப் இதழிலும் வந்தார். தலைவர்களை அவரும் எடுத்தார். ஆனால் சத்யன் என்றதும் கண்ணுக்கு வருவது தெருவில் விளையாடுகிற பிள்ளைகள், பள்ளிக்கூட வாசல், அம்மை ஒழிப்பு ஊழியரைச் சுற்றி நிற்கும் கிராமம். 1979இல், சர்வதேசக் குழந்தைகள் ஆண்டில், அவருடைய இந்தியக் குழந்தைகள் படங்கள் நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஒரு சின்ன ஊரைப் பொறுமையாக எடுத்தால் அது நியூயார்க் வரை போகும் என்று காட்டியவர். மைசூருக்கு ஒரு சத்யன் கிடைத்தார். தாம்பரத்துக்குக் கிடைக்கவில்லை. இதில் அதிர்ஷ்டம் பாதி, அடையாளம் பாதி. மைசூர் தன்னை ஓர் ஊராக நினைத்துக்கொண்ட ஊர். தாம்பரத்தில் குடியிருந்தவரைக் கேட்டால் "மெட்ராஸ்" என்றுதான் சொல்லுவார், சொந்த ஊர் கேட்டால் கும்பகோணம் என்றோ திண்டிவனம் என்றோ சொல்லுவார். இரண்டு ஊருக்கு நடுவில் தூங்கி எழுந்து போகிற இடத்தைப் படமெடுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

புதுமணத் தம்பதிப் பக்கத்தை நான் கேலியாகச் சொல்லவில்லை. புறநகர்க்காரன் அந்த இதழுக்குள் நுழைய இருந்த வாசல் அது ஒன்றுதான். உள்ளூர் ஸ்டுடியோவில் கேபினெட் சைஸில் எடுத்த படத்தை உறையில் போட்டு, பெயர்களைத் தெளிவாக எழுதிப் பம்பாய்க்குத் தபாலில் அனுப்பினால், சில வாரம் கழித்து நேருவின் படம் வந்த அதே தாளில், அதே மையில் மாப்பிள்ளையும் பெண்ணும் வருவார்கள். அடியில் பெயர் இருக்கும். அந்தப் பெயர் அச்சாகாவிட்டால் யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள். யாரோ ஒரு ஜோடி, இன்னார் என்று நாடு முழுவதற்கும் தெரிகிறது என்பதில்தான் அந்தப் பக்கத்தின் உயிர் இருந்தது.

பெரிய செய்திப் படங்கள் தென்சென்னைப் புறநகரிலிருந்து வரவே இல்லை என்றும் சொல்லக் கூடாது. வந்தன. அசம்பாவிதமாக வந்தன.

1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா சுட்டு எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு பாய்ந்தது. அடுத்த மாதம் சட்டமன்றத் தேர்தல். எம்.ஜி.ஆர். நின்ற தொகுதி பரங்கிமலை. வேட்பாளர் ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. கழுத்தில் கட்டோடு இருந்த அவருடைய போட்டோ இறங்கியது. சுவரொட்டியாகத் தெருத் தெருவாகப் போனது. பேச்சு இல்லை, ஊர்வலம் இல்லை, அந்தக் கட்டு மட்டும். அவர் வென்றார், தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. தமிழ்நாட்டில் ஒரு போட்டோ செய்த அரசியல் வேலைக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. லைஃப் அந்தப் படத்தை வைத்து எட்டுப் பக்கம் போட்டிருக்கும். இங்கே அதைப் பரப்பியவர்கள் பசை வாளியோடு இரவில் கிளம்பிய தொண்டர்கள். அவர்கள் கைப்பட்ட பரங்கிமலை, ஆலந்தூர்ச் சுவர்கள்தான் அன்றைய நமது படப் பத்திரிகை.

1991 மே 21. மீனம்பாக்கத்தில் இறங்கிய ராஜீவ் காந்தி போரூர், பூந்தமல்லி வழியாக ஸ்ரீபெரும்புதூர் போனார். கூட்டத்தில் படமெடுத்துக்கொண்டிருந்த ஹரிபாபு என்ற இளைஞர் குண்டுவெடிப்பில் இறந்தார். கேமரா உடையாமல் கிடந்தது. உள்ளே பத்துப் படங்கள். மாலையோடு காத்திருக்கும் பெண், பக்கத்தில் குர்தா பைஜாமா அணிந்து கையில் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு மனிதர். புலனாய்வுக்கு முதல் நூல் அந்தப் படச்சுருளில் கிடைத்தது. பத்திரிகைகளில் வந்ததும் நாடே அந்த முகங்களை உற்றுப் பார்த்தது. படத்தில் இருந்தவர்கள் யார் என்ற கேள்விக்கு ஒவ்வொருவராகப் பெயர் வைக்க வைக்கத்தான் வழக்கு நகர்ந்தது. எடுத்தவரும் அந்தச் சதிக்குள் இருந்தவர் என்று புலனாய்வு சொன்னது. போட்டோ சாட்சி சொல்லும். ஆனால் அதற்குப் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. அதை ஒரு மனிதர்தான் பக்கத்தில் எழுத வேண்டும்.

ஆங்கிலத்தில் வீக்லியின் இடத்தைத் தெற்கிலிருந்து ஓரளவு நிரப்பியது ஃப்ரண்ட்லைன். 1984 டிசம்பரில் இந்து குழுமம் தொடங்கிய இருவார இதழ். கனமான கட்டுரைக்குப் பேர் போனது என்றாலும், நல்ல தாளில், பெரிய அளவில் வண்ணப் படங்களை வெளியிட்டதற்காக அதை வாங்கியவர்களும் உண்டு. அஜந்தா ஓவியங்கள், சோழர் கோயில்கள் என்று பக்கம் பக்கமாக வந்தவற்றை வெட்டி ஒட்டி வைத்த ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அந்தக் குழுமத்தின் வெளியீடுகளில் பொடி எழுத்தில் அச்சக முகவரி இருக்கும். யாரும் படிக்க மாட்டார்கள். மறைமலை நகர், சி.எம்.டி.ஏ. தொழிற்பேட்டை என்று போட்டிருக்கும். தாம்பரத்தையும் கூடுவாஞ்சேரியையும் தாண்டி இருக்கிற அந்த ஊரில் அச்சாகி, விடிவதற்குள் லாரியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் வடக்கே வந்துதான் நகரத்துக்குச் செய்தி கிடைக்கிறது. நகரத்தின் படங்கள் புறநகரில்தான் தாளில் ஏறுகின்றன.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் இது எல்லோருக்கும் விளங்கியது. இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு தன் பழைய இடத்தையெல்லாம் திரும்பக் கேட்டு வந்தது. முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் முதல் மாடிக்கு ஓடினார்கள். விமான நிலையத்தில் விமானங்கள் தண்ணீரில் நின்றன. டிசம்பர் 2ஆம் தேதி காலையில் சென்னையில் இந்து நாளிதழ் வரவில்லை. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியவில்லை. 1878இல் தொடங்கிய பத்திரிகைக்கு இப்படி நேர்ந்தது அதுதான் முதல் முறை. அடுத்தடுத்த நாட்களில் கேமராக்கள் வந்தன. படகில் கிழவியைத் தூக்கி வைக்கிற படம், கழுத்தளவுத் தண்ணீரில் கேஸ் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு போகிற படம். முடிச்சூர் என்ற பெயரை வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட எழுதின. மூழ்கினால்தான் நாங்கள் செய்தியா என்று அப்போது ஓர் அண்ணன் கேட்டார். முகாமில் சாப்பாட்டு வரிசையில் நின்றபடி கேட்டார், போட்டோகிராபரைப் பார்த்துத்தான் கேட்டார்.

அந்த வெள்ளத்தில் போன படங்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. முடிச்சூர் ரோட்டுப் பக்கம் ஒரு ஸ்டுடியோ. அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. ஆக்ஃபா கிளிக் III, யாஷிகா, பிறகு நிக்கான் என்று கண்ணாடி அலமாரியில் வரிசை வைத்திருக்கிறார். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் இந்து பேப்பர் டப்பா ஒன்றுகூட இருக்கிறது, காலியாக. "தண்ணி இடுப்புக்கு மேல நின்னுது சார். கேமராவை மட்டும் தூக்கிப் பரண்ல வெச்சேன்" என்றார். நெகட்டிவ் பெட்டிகள் இரண்டு தட்டில் இருந்தன. கீழ்த் தட்டில் இருந்தவை நனைந்துவிட்டன. ஃபிலிமின் மேல் பூசியிருப்பது ஜெலட்டின். ஊறினால் உப்பும், உறையோடு ஒட்டும், ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிரிக்கவே முடியாது. ஈரமாக இருக்கும்போதே நல்ல குளிர்ந்த தண்ணீரில் போட்டு, மெதுவாகப் பிரித்துக் கழுவி, ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டிருக்க வேண்டும். குடிக்கவே தண்ணீர் இல்லாத வாரத்தில் அதை யார் செய்வது? காயட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் பரப்பியிருக்கிறார். கட்டியாகிவிட்டன.

மேல் தட்டில் இருந்தவை தப்பின. ஆயிரக்கணக்கில். அவற்றில் சிலவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கறுப்பு வெள்ளை மாறிக் கிடந்தாலும் தெரிகிறது: காதுகுத்து, சடங்கு, திறப்பு விழா, ஏரிக்கரையில் சைக்கிளோடு நிற்கிற நான்கு பையன்கள். அந்த ஏரி எது? பின்னால் ஒரு குன்று இருக்கிறது, பாதி வெட்டப்பட்டது. பல்லாவரமா, திரிசூலமா? உறை மேல் ஒரு நம்பர் மட்டும் பென்சிலில் இருந்தது. "ரெஜிஸ்டர்ல பாத்தா பேரு, தேதி, தெரு, அட்வான்ஸ் எல்லாம் இருக்கும் சார். அப்பா மை பேனாவில அழகா எழுதுவாரு" என்றார். ரெஜிஸ்டர்கள் மேசை டிராயரில் இருந்தன. டிராயர் தண்ணீருக்குள் இருந்தது. ஒரு நோட்டை எடுத்துப் பிரித்தார். நீலம் பக்கம் முழுக்கப் பரவி, கோடுகள்கூடத் தெரியவில்லை.

நான் இத்தனை பக்கமாக வீக்லியின் கேமரா இங்கே வரவில்லை என்று அங்கலாய்த்துக்கொண்டிருக்கிறேன். கேமரா இருந்திருக்கிறது. நாற்பது, ஐம்பது வருஷமாக, வாரத்துக்கு ஏழு நாளும், பம்பாய்க்காரரைவிட நெருக்கத்தில் நின்று எடுத்திருக்கிறது. பெண்ணின் நகை தெரிய வேண்டும் என்றுதான் எடுத்தார், ஆனால் பின்னால் தெருவும் வந்துவிட்டது. ஓட்டு வீடு வந்துவிட்டது, கிணற்றடி வந்துவிட்டது, காங்கிரீட் ஆகாத சாலை வந்துவிட்டது. புறநகரில் இல்லாமல் போனது ஆசிரியரின் மேசை. பத்துப் படத்தில் ஒன்றைத் தேர்ந்து, இன்னொன்றோடு பக்கத்தில் வைத்து, அடியில் இரண்டு வரி எழுதுகிற கை. இன்னார், இன்ன இடம், இன்ன வருஷம். அந்த வேலைக்குத்தான் வீக்லி பம்பாயில் ஒரு கட்டடம் நிறைய ஆள் வைத்திருந்தது. இங்கே அதைத் தனி ஆளாக, மை பேனாவால் செய்துகொண்டிருந்தவர் ஒரு ஸ்டுடியோக்காரர். தான் செய்வது அந்த வேலை என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

இப்போதுதான் எல்லார் கையிலும் போன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நின்று பார்த்தால் நிமிஷத்துக்கு எத்தனை படம் எடுக்கிறார்கள் என்று எண்ண முடியாது. தேதியும் இடமும்கூடப் போன் தானாகக் குறித்துக்கொள்கிறது. ஆனால் வாட்ஸப்பில் ஒரு கை மாறியதும் அந்தக் குறிப்பு பெரும்பாலும் உதிர்ந்துபோகிறது. அப்புறம் அது 'பழைய தாம்பரம், அரிய படம்' என்ற தலைப்போடு சுற்றி வருகிறது. அப்படி எனக்கு வந்த ஒரு படத்தில் பின்னால் மலையாளத்தில் கடைப் பலகை இருந்தது.

பழைய பேப்பர் கடைக்காரர்கள் சொல்கிற ஒரு விஷயத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். பைண்டு பண்ணிய பத்திரிகையை எடைக்குப் போட வருகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள். அப்பா போன பிறகு, வீட்டை பிளாட் கட்டக் கொடுப்பதற்கு முன்பு வருகிறார்கள். அட்டையைக் கிழித்துவிட்டுத்தான் எடை. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் தனி ஒரு மனிதர் சேர்த்து வைத்த பத்திரிகைகளும் புத்தகங்களும்தான் அதற்கு அடித்தளம். தாம்பரத்திலிருந்து அதிக தூரமில்லை. எடைக்குப் போடுவதற்கு முன் அவர்களுக்கு ஒரு போன் செய்து, இன்ன இதழ், இன்ன வருஷம் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டுவிடலாம்.

ஆல்பங்களுக்கு அதைவிடச் சின்ன வேலை போதும். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆல்பத்தை எடுத்து மடியில் வையுங்கள். யார், எந்தத் தெரு, எந்த வருஷம், பின்னால் தெரிவது எந்த ஏரி என்று கேளுங்கள். படத்தின் பின்பக்கம் எழுதுங்கள். பேனா வேண்டாம், மென்மையான பென்சில் போதும். மை கரையும்.